யாழ்ப்பாணத்துக் கிணறுகளும் கொள்ளை நோய்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆறு இல்லை. மாரி காலத்தில் ஓடிக் கோடையில் வறண்டு கிடக்கும் வழுக்கியாற்றை ஆறு என்று அழைப்பது மரபு, அவ்வளவே. நீரூற்றிக் கொடுக்கும் மலையும் அங்கில்லை. வன்னிப் பெருநிலத்திற் போன்ற பெருங்குளங்களும் அங்கில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய திங்கள்களில் வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவந்து கொட்டும் மழையே அந்நிலத்தின் நீர்ச்செல்வம். அதை மண் வாங்கிக் கல்லுக்குள் சேர்த்து வைக்கிறது. மனிதன் கிணறு வெட்டித் திரும்ப எடுத்துக்கொள்கிறான். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த நீரே புகையிலையையும் வெங்காயத்தையும் மிளகாயையும் விளைவித்தது. அதே நீர்தான் உலையிலும் கொதித்தது, பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டியது, இறந்தவரை நீராட்டியது.

ஒரு நாட்டின் உயிர்நிலை எதுவோ அதுவே அந்நாட்டின் ஆபத்தான வாயிலும் ஆகும். யாழ்ப்பாணத்தில் அவ்வாயில் கிணறு. புயலும் வெள்ளமும் கடற்கோளும் வந்தால் அவற்றின் பின்னே கொள்ளை நோயும் நிழல்போல் வரும் என்பது உலகெங்கும் மக்கள் மனத்திற் பதிந்த நம்பிக்கை. குடாநாட்டின் வரலாறு இந்த நம்பிக்கையை ஒருபுறம் மெய்ப்பிக்கிறது, மறுபுறம் மறுக்கிறது. பஞ்சத்தோடு பேதி வந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோன ஆண்டும் உண்டு. கடல் எழுந்து கரையூர்களை வாரிச் சென்றும், அதன் பின் கொள்ளை நோய் தலைகாட்டாத ஆண்டும் உண்டு. பெரும்புயலென்று எவரும் அஞ்சாத ஒரு வெள்ளத்தின் பின்னே, எதிர்பாராத நோயொன்று வந்து உயிர்களைப் பறித்த ஆண்டும் உண்டு. இவ்வேறுபாடு எதனால் விளைந்தது என்று ஆராய்ந்தால், அழிவுக்கும் நோய்க்கும் இடையே உள்ள தொடர்பு தெளிவாகும்.

முதலில் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. அக்கல்லில் வெடிப்புக்களும் புழைகளும் நிறைந்திருக்கின்றன. நிலாவரையிலுள்ள ஆழ்கிணறும், கடலோரத்திலேயே நன்னீர் பொங்கும் கீரிமலைக் கேணியும் இந்தக் கல்லின் உட்புழைகளுக்குக் கண்கண்ட சான்றுகள். மழைநீர் இவ்வழிகளால் உள்ளே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரினும் இலேசானது. ஆதலால் இரண்டும் எளிதிற் கலப்பதில்லை. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் தங்கும் என்பது நிலநூலார் கண்ட கணக்கு. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் எங்கும் மக்கள் குடிப்பது இந்த வில்லையின் நீரையே.

மணல்நிலம் நீரை மெல்ல மெல்ல வடித்து அனுப்பும். அவ்வழியில் அழுக்கும் கிருமியும் பெரும்பாலும் தங்கிவிடும். வெடிப்புள்ள சுண்ணாம்புக் கல்லோ, வந்ததை வந்தபடியே விரைந்து கடத்திவிடும். ஒரு வளவின் மூலையில் மலசலகூடக் குழி இருக்கும்; வேலிக்கு அப்பால் அடுத்த வளவின் கிணறு இருக்கும். கோடையில் இவ்விரண்டுக்கும் நடுவே உலர்ந்த மண்ணும் சில அடி உயர வேறுபாடும் காவலாய் நிற்கின்றன. மாரியில் பெருமழை பெய்து நிலத்தடி நீர் உயர்ந்ததும், அது குழியின் அடியைத் தொடுகிறது. அக்கணமே காவல் அழிந்துவிடுகிறது. வெள்ளம் கிணற்றுக்கட்டையும் மூடிப் பாய்ந்துவிட்டால், பின்னர் குழி எது, கிணறு எது என்ற வேறுபாடே இல்லாமற் போகிறது. புயல் புதிதாக ஒரு நோயை உண்டாக்குவதில்லை. ஊரில் ஏற்கெனவே இருக்கும் அழுக்குக்கும் குடிநீருக்கும் இடையேயுள்ள சுவரையே அது இடித்துவிடுகிறது.

இந்த உண்மை அறியப்படாதிருந்த காலத்தில் வாந்திபேதி குடாநாட்டுக்கு வந்தது. 1817-ஆம் ஆண்டு வங்காளத்தில் ஜெசோர்ப் பகுதியிலிருந்து கிளம்பிய அந்நோய், படைகளோடும் வணிகரோடும் யாத்திரிகரோடும் இந்தியா முழுவதும் பரவி, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் இலங்கையையும் எட்டியது. பாக்குநீரிணை யாழ்ப்பாணத்துக்கு அரணாக அமையவில்லை; பாதையாகவே அமைந்தது. நாகபட்டினத்திலிருந்து அரிசியும் துணியும் ஏற்றிவந்த தோணிகள் ஊர்காவற்றுறையிலும் காங்கேசன்துறையிலும் கரை சேர்ந்தன; தோணியில் வந்தவரின் குடலில் ஒளிந்து நோயும் கரை சேர்ந்தது. காலையில் வயலுக்குப் போனவன் மாலையில் பிணமாவதைக் கண்ட மக்கள் அதைத் தெய்வத்தின் சீற்றம் என்றனர். மேனாட்டு வைத்தியர் பலரோ, அழுகிய பொருள்களிலிருந்து எழும் நச்சுக்காற்றே காரணம் என்றனர். நோயாளியின் குருதியை வடிப்பதும், தாகத்தால் துடிப்பவனுக்குத் தண்ணீரை மறுப்பதும் அன்றைய வைத்திய முறைகளுள் அடங்கியிருந்தன. உடலிலுள்ள நீர் வற்றி இறப்பவனுக்கு நீரை மறுத்தது, அறியாமையால் விளைந்த பெருங்கொடுமை.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலே இருவர் செய்த பணி நினைவுகூரத்தக்கது. ஒருவர், 1829-ஆம் ஆண்டு தொடக்கம் 1867-இல் கோப்பாயில் மறையும்வரை, சிறு இடைவெளி நீங்கலாக, வட மாகாணத்தின் அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் டைக். அவருடைய முயற்சியால் 1850-இல் நிறுவப்பட்ட ஏழைகளுக்கான வைத்தியசாலையே வளர்ந்து, பிற்காலத்தில் அரசாங்கத்தின் கையில் வந்து, யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாகத் திகழ்கிறது. மற்றவர், 1847-இல் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று துணிந்து, தமிழ் கற்று, கலைச்சொற்களை ஆக்கி, இரணவைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்களை மாணவரின் துணைகொண்டு வெளியிட்டவர் அவர். அவரிடம் பயின்ற அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் வைத்தியர்கள் ஊர்தோறும் சென்றனர். நோயின் காரணத்தை மக்கள் தம் தாய்மொழியில் விளங்கிக்கொண்டாலன்றி எந்த மருந்தும் ஊரைக் காவாது என்பது அவருடைய பணியால் விளங்கும் பாடம்.

எனினும், அன்றைய அறிவுக்கு எல்லை இருந்தது. 1866-ஆம் ஆண்டு அந்த எல்லையைக் காட்டியது. அவ்வாண்டு இந்தியாவின் கீழ்க்கரையில், ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் வட பகுதியிலும் பெரும் பஞ்சம் நிலவியது. தென்னிந்திய அரிசியை நம்பியிருந்த யாழ்ப்பாணத்திலும் விலை ஏறியது. அரைவயிறு உண்டு மெலிந்த மக்களிடையே அவ்வாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த ஆண்டிலும் வாந்திபேதி பரவி ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. மெலிந்த உடலும், நோயைச் சுமந்துவரும் போக்குவரத்தும், நிலத்து அழுக்கைக் கழுவிக் கிணற்றுள் இறக்கும் மாரி மழையும் ஒருங்கே கூடிய காலம் அது. வைத்தியர் இருந்தனர், வைத்தியசாலையும் இருந்தது. ஆனால் நோய் எவ்வழியாக வருகிறது என்பதை உறுதியாய் அறிந்தவர் எவருமில்லை.

உண்மையில் அந்த வழி அதற்குமுன்னரே இலண்டனில் கண்டறியப்பட்டிருந்தது. 1854-இல் சோகோ என்னும் பகுதியில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் சினோ என்ற வைத்தியர் இறந்தோரின் வீடுகளை ஒவ்வொன்றாகக் குறித்து நோக்கினார். அவை பிறோட் வீதியில் இருந்த ஒரு குழாய்க்கிணற்றைச் சூழ்ந்து நின்றன. அவருடைய சொல்லைக் கேட்டு, ஊர்ச்சபையார் அக்கிணற்றின் கைபிடியைக் கழற்றினர். நோய் காற்றில் வருவதன்று, கிணற்றில் வருவது என்று அவர் எழுதியதைப் பெரும்பாலானோர் அன்று ஏற்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1884-இன் தொடக்கத்தில், றொபேட் கொக் என்ற ஜேர்மனிய அறிஞர் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியை ஆராய்ந்து உறுதிப்படுத்தினார். நோயாளிகளின் குடலில் மட்டுமன்றி, அவர்களைச் சூழ வாழ்ந்த மக்கள் குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய ஒரு குளத்து நீரிலும் அவர் அக்கிருமியைக் கண்டார். கிறீன் தம் தாய்நாட்டில் மறைந்ததும் அதே ஆண்டில்தான். அவர் மானிப்பாயில் போராடிய பகைவனின் முகம், அவர் கண் மூடும் காலத்திலேயே உலகுக்குத் தெரியவந்தது.

கிணறே வழி என்று தெரிந்தபின், மற்றுமொரு கசப்பான உண்மையும் வெளிப்பட்டது. யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் கிணறு இல்லை. நிலமுடையோர் வளவில் கட்டுக்கிணறு இருந்தது. நிலமற்றோருக்கும், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோருக்கும் ஊர்க்கிணற்றின் கயிற்றைத் தொடும் உரிமையே நெடுங்காலம் மறுக்கப்பட்டது. பிறர் இரங்கி வார்க்கும் தண்ணீருக்காகக் குடத்தோடு காத்து நிற்பதும், அது கிடையாதபோது குட்டையையும் துரவையும் நாடுவதும் அவர்கள் வாழ்வாயிருந்தது. மூடிய நல்ல கிணறு யாருக்கு எட்டாதோ, அவருக்கே நோய் முதலில் எட்டும். ஆயினும் நோய் வேலி பார்ப்பதில்லை. குட்டையில் நீர் அள்ளியவரின் குடிசையில் தொடங்கிய பேதி, மாரி வெள்ளம் ஊறியதும் கட்டுக்கிணற்றையும் வந்தடைந்தது. பிறருக்குத் தண்ணீர் மறுத்தவன் தன் வீட்டு நீரையும் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. சுகாதாரம் என்பது ஒரு வீட்டின் தூய்மையன்று, ஊரின் நீதி என்பதை இதைவிடத் தெளிவாய் உணர்த்தும் சான்று வேறில்லை.

இருபதாம் நூற்றாண்டில் நிலை மெல்ல மாறியது. மலசலகூடங்கள் பெருகின, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஊர்களுக்கு வந்தனர், கிணறுகளுக்கு வெளிற்றும் தூள் இடும் வழக்கம் பரவியது. வைத்தியத்திலும் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. 1971-இல் வங்கதேசப் போரின்போது, இந்திய எல்லையிலுள்ள பொங்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பு வழியே ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோகும் நிலையில், திலீப் மகலனபீசு என்ற வைத்தியர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். அதை வார்ப்பவர்களாக உறவினரையே அமர்த்தினார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு, நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று. முந்திய நூற்றாண்டில் நோயாளிக்கு மறுக்கப்பட்ட தண்ணீரே, அளவறிந்து உப்பும் இனிப்பும் சேர்த்தபோது அவனுடைய உயிர்மருந்தாயிற்று. அம்முறை இன்று குடாநாட்டின் வீடுகளிலும் அறியப்பட்டதொன்று. கிணற்றின் காவலோடு கைமருந்தும் சேரவே, பேதியின் பழைய கொடுமை தணிந்தது.

இந்தக் காவல் எவ்வளவு வலிமை பெற்றது என்பதைச் சோதிக்க இயற்கை தவறவில்லை. 1964-ஆம் ஆண்டு டிசெம்பர் 22, 23-ஆந் திகதிகளில் வீசிய புயல், இலங்கையின் வட பகுதியைத் தாக்கி, பாக்குநீரிணையைக் கடந்து, எதிர்க்கரையில் தனுக்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு புகைவண்டியையே கடல் விழுங்கியது. நாற்பது ஆண்டுகளின் பின், 2004-ஆம் ஆண்டு டிசெம்பர் 26-ஆந் திகதி காலையில், சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் எழுந்த நடுக்கத்தால் ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். யாழ்ப்பாண மாவட்டத்தில் வடமராட்சியின் கரையூர்கள், சிறப்பாக மணற்காடு, நாகர்கோவில், மருதங்கேணி முதலிய கிழக்குக் கரைப் பகுதிகள், பேரழிவுக்கு உள்ளாயின. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் அம்மாவட்டத்தில் மட்டும் பறிபோயின.

அந்நாட்களில் உலக சுகாதார நிறுவனத்தினர் அஞ்சத்தக்க எச்சரிக்கை ஒன்றை விடுத்தனர். அலையால் இறந்தோர் எத்தனை பேரோ, அத்தனை பேர் நோயாலும் இறக்கக்கூடும் என்பதே அது. கரையில் அடக்கம் செய்யப்படாமற் கிடக்கும் உடல்களிலிருந்தே கொள்ளை நோய் எழும் என்று மக்களும் கலங்கினர். அவ்வச்சத்தால் பல இடங்களில் உடல்கள் அடையாளம் காணப்படுமுன்னரே விரைந்து புதைக்கப்பட்டன. இயற்கை அழிவில் இறந்தோரின் உடல்கள் கொள்ளை நோய்க்குக் காரணமாவதில்லை என்பது இன்றைய வைத்திய அறிவு. நீரிலோ அலையிலோ அகப்பட்டு மாண்டவர் பெரும்பாலும் நோயோடு மாண்டவரல்லர். நோயைப் பரப்புவோர் உயிரோடிருப்பவரே. தம் உறவினரின் முகத்தை இறுதியாய்க் காணும் வாய்ப்பை இழந்தோர்க்கு, அந்த வீண் அச்சம் செய்த கொடுமை ஆறாத வடுவாயிற்று.

எச்சரித்தபடி பெருநோய் வரவில்லை. இலங்கையில் எங்கும் வாந்திபேதியோ வேறு நீர்வழி நோயோ பெருங்கொள்ளையாகப் பரவவில்லை. எச்சரிக்கை பொய்த்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. எச்சரிக்கை கேட்கப்பட்டது என்பதே பொருள். கிணறுகள் உவர்நீரால் நிரம்பிவிட்டதால், மக்கள் அவற்றைக் குடிக்க இயலவில்லை. பாடசாலைகளிலும் கோயில்களிலும் அமைந்த முகாம்களுக்குப் பவுசர்களில் குளோரின் இட்ட நீர் வந்தது; மலசலகூடங்கள் விரைந்து கட்டப்பட்டன; நோயாளிகளின் எண்ணிக்கை நாள்தோறும் கவனிக்கப்பட்டது. கிணறு கெட்டதை நாவே உணர்ந்தமையால், மாற்றுநீர் தேடப்பட்டது. உப்புக் கரித்த கிணறு மக்களை எச்சரித்துக் காத்தது எனலாம்.

எனினும் நல்லெண்ணத்தால் விளைந்த தவறொன்றும் உண்டு. உவர்நீர் புகுந்த கிணறுகளை உடனே இறைத்து வெறுமையாக்கினால் நன்னீர் ஊறும் என்று எண்ணி, ஆழிப்பேரலை தாக்கிய கரைகளிற் பலரும் இயந்திரங்கொண்டு இடைவிடாது இறைத்தனர். நன்னீர் வில்லையின் இயல்பு அதற்கு இடந்தராது. மேலுள்ள நன்னீரை விரைந்து எடுக்குந்தோறும் கீழுள்ள உவர்நீர் கூம்புபோல் எழுந்து கிணற்றின் அடியை அடையும். பொறுத்திருந்து, மாரி மழை பெய்து நிலத்தைக் கழுவவிடுவதே தக்க மருந்து என்பது பின்னர் தெளிவாயிற்று. கிழக்குக் கரையின் தாளையடியில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. எந்தக் கடல் அக்கரையின் கிணறுகளைக் கெடுத்ததோ, அக்கடலிலிருந்தே குடிநீர் எடுக்கும் முயற்சி அது.

அந்நிலையம் திறந்து நான்கு திங்கள் கழியுமுன், வேறொரு சோதனை வந்தது. 2024 நவம்பர் இறுதியில், ஃபெங்கல் என்று பெயரிடப்பட்ட புயலையொட்டிப் பெய்த மழையால் குடாநாடு வெள்ளக்காடாயிற்று. வீடுகளில் நீர் புகுந்தது. பல குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. நீர் வடிந்தது, மக்கள் வீடு திரும்பிச் சேற்றை வாரினர். ஆபத்து நீங்கிவிட்டதென்றே தோன்றியது. டிசெம்பரில், பருத்தித்துறை, கரவெட்டி முதலிய பகுதிகளிலிருந்து காய்ச்சலோடும் மூச்சுத் திணறலோடும் சிலர் வைத்தியசாலைக்கு வந்தனர். வந்தவருட் சிலர் விரைவிலேயே இறந்தனர். பெயர் தெரியாத அந்நோயைப் பத்திரிகைகள் மர்மக் காய்ச்சல் என்றன. குருதி மாதிரிகள் ஆய்வுக்கு அனுப்பப்பட்டன. டிசெம்பர் நடுப்பகுதியில் விடை கிடைத்தது: அது எலிக்காய்ச்சல். அதற்குள் குறைந்தது ஏழு உயிர்கள் போய்விட்டன.

எலிக்காய்ச்சல் தென்னிலங்கையின் ஈரவலயத்து வயல்களில் நன்கறியப்பட்ட நோய். குடாநாட்டில் அது அரிதாகவே காணப்பட்டது. எலிகளும் கால்நடைகளும் கழிக்கும் சிறுநீரில் அதன் கிருமி இருக்கும். வெள்ளம் எலிவளைகளைக் கழுவி, அக்கிருமியை வயலிலும் ஒழுங்கையிலும் முற்றத்திலும் பரப்பிவிடும். அதை எவரும் குடிக்க வேண்டியதில்லை. காலில் ஒரு வெடிப்பு, கையில் ஒரு கீறல் இருந்தால் போதும், தேங்கிய நீரிலும் சேற்றிலும் நின்று வேலை செய்பவரின் உடலுள் அது புகுந்துவிடும். கிணற்றைக் காத்த ஊர், முற்றத்துச் சேற்றை மறந்திருந்தது. நோயின் பெயர் தெரிந்ததும், சுகாதாரத் துறையினர் விவசாயிகளுக்கும் பிறருக்கும் டொக்சிசைக்கிளின் என்னும் தடுப்பு மாத்திரை வழங்கி அதைக் கட்டுப்படுத்தினர். ஆழிப்பேரலை தராத நோயை ஒரு மாரி வெள்ளம் தந்தது. அழிவின் பருமனுக்கும் நோயின் பருமனுக்கும் நேர்த்தொடர்பில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

வெள்ளத்தின் பின் வரும் நோய்கள் ஒரே நாளில் வருவனவல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு தவணை உண்டு. வாந்திபேதி சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாட்களுக்குள் வெளிப்படும். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் தோன்றும். ஒரு மாதம் வரை பிந்துவதும் உண்டு. நெருப்புக்காய்ச்சல் ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரங்கள் வரை ஒளிந்திருக்கும். செங்கண்மாரியை உண்டாக்கும் நீர்வழி ஈரல் அழற்சியோ ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துத் தலைகாட்டும். ஏழு வாரங்கள் வரை செல்வதும் உண்டு. முகாம்கள் கலைந்து, பவுசர்கள் நின்று, பத்திரிகைகள் வேறு செய்திக்குத் திரும்பிய பின்னரே பல நோய்கள் படுக்கையில் வீழ்த்தும். ஆதலால் வெள்ளம் வடிந்த நாளில் காவலைத் தளர்த்துவது, பகைவன் மதிலேறும் வேளையில் காவலாளி உறங்கப் போவதற்கு ஒப்பாகும்.

வாந்திபேதி 2003-ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குப் பின் இலங்கையை நெடுங்காலம் விட்டு விலகியிருந்தது உண்மை. ஆனால் நெருப்புக்காய்ச்சல் விலகவில்லை. இலங்கையில் அது கூடுதலாகப் பதிவாகும் மாவட்டங்களுள் யாழ்ப்பாணம் பல்லாண்டுகளாக இடம்பெற்று வருகிறது. மக்கள் தொகை பெருகி வளவுகள் துண்டுபட்டுச் சிறுத்தன. குழிக்கும் கிணற்றுக்கும் இடையேயுள்ள தூரமும் சிறுத்தது. கயிற்றில் வாளி கட்டி அள்ளிய காலம் போய், இயந்திரம் நீரை மேலேற்றுகிறது. ஆனால் கிணற்றின் அடியும் குழியின் அடியும் அதே சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களாலேயே இணைந்திருக்கின்றன. புயல் இல்லாத ஆண்டிலும் அந்தக் கதவு சற்றுத் திறந்தே கிடக்கிறது. புயல் வரும் ஆண்டில் அது முற்றாகத் திறந்துகொள்கிறது.

செய்யத்தக்கவை அரியனவுமல்ல, பொருட்செலவு மிக்கனவுமல்ல. வெள்ளம் மூடிய கிணற்றைச் சேறு நீக்கி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நீரின் அளவறிந்து கூறும் வெளிற்றும் தூளை இட்டு, உரிய நேரம் பொறுத்தே பாவிக்க வேண்டும். கடல்நீர் புகுந்த கிணற்றை மட்டும் அவசரப்பட்டு இறைத்தலாகாது. ஐயந் தீரும்வரை குடிக்கும் நீர் எதுவாயினும் குமிழியெழக் கொதித்து ஆறவேண்டும். வெறுங்காலோடு சேற்றில் இறங்காமையும், வெள்ளத்தின் பின் வரும் காய்ச்சலை வெறுங்காய்ச்சல் என்று வீட்டில் வைத்திராமையும், சேற்றில் வேலை செய்ததை வைத்தியரிடம் மறவாமற் கூறுதலும் உயிர்காக்கும் செயல்கள். வயிற்றோட்டம் கண்டவருக்குத் தண்ணீரை மறுக்காமல், உப்பும் இனிப்பும் சேர்ந்த கரைசலை இடைவிடாது வார்க்க வேண்டும்.

இவை யாவும் புயலுக்குப் பிந்திய பணிகள். புயலுக்கு முந்திய பணியே பெரிது. கோடையில் நீர் இறங்கிய காலத்தில் கிணற்றை இறைத்துத் தூரெடுத்து, கட்டை உயர்த்தி, வெடிப்பைப் பூசி வைத்த வீடு மாரியை அஞ்சுவதில்லை. குழியைக் கிணற்றினின்றும் இயன்ற அளவு விலக்கி, அடியும் பக்கமும் ஒழுகாதபடி கட்டிய வீடு தன்னை மட்டுமன்றி அயலையும் காக்கிறது. தன் வளவு சிறியதென்பதால் இவ்விரண்டும் இயலாதவருக்கு ஊர்ச்சபை பொதுநீர் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது. 1867-இல் குட்டையை நாடியவர்களின் கதை மீண்டும் எழுதப்படக் கூடாது. ஐப்பசி பிறந்து வடக்கே மேகம் கருக்கும்போது, குடாநாட்டின் ஒவ்வொரு கிணற்றடியிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்றே: வெள்ளம் இந்தக் கட்டு மட்டத்துக்கு வந்தால், நாளைக்கு இந்த வீட்டுக் குழந்தை எந்த நீரைக் குடிக்கும்?